ஐம்பது முடியாத வண்டி

பழைய தறி இறக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஏழு பேருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையில் முடியாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த வேலை பார்த்தேன். வெளிநாட்டில் மூடிய ஆலைகளுக்குப் போய், தறிகளைக் கழற்றி, எண்ணி, பெட்டி கட்டி, கப்பலேற்றி, அருப்புக்கோட்டையில் இறக்கி மாட்டிக் கொடுப்பது வேலை. பதினோரு பயணம். நானூற்றுப் பன்னிரண்டு தறி. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதைக் கணினியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே அதை எழுதப் போவதில்லை.

நான் எழுதப் போவது இரண்டு தப்பு. இரண்டும் நான் செய்தவை. இரண்டும் ஒரே ஆளுக்குச் செய்தவை. முதலாவது ஒரு சுவரோடு போயிற்று.

அந்த ஆள் தனபாலன். அருப்புக்கோட்டையில் முப்பத்தாறு தறி வைத்திருந்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்குத் தனபாலு. அவருக்காக நான் முதலில் இறக்கியது எட்டுத் தறி, இத்தாலியின் வடக்கே மூடிப்போன ஓர் ஆலையிலிருந்து. திருகாணிகளை மட்டும் நாற்பத்து நான்கு துணிப்பைகளில் போட்டு, ஒவ்வொரு பைக்கும் சீட்டு எழுதிக் கட்டினேன். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு ஆணி. அருப்புக்கோட்டையில் லாரியை விட்டு இறக்கி மறுபடி எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது, தறியின் அடிச்சட்டத்தை உருளைக்கட்டையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஆட்கள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்கள். சட்டத்தை எப்படித் திருப்பினாலும் குறுகிய பக்கம் ஆறடி. வாசல் ஐந்தரை.

தனபாலன் வாசலைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாசல நீங்க எண்ணலையா அண்ணாச்சி?”

அவர் ஆட்களிடம் திரும்பி, “சுவத்தத் தட்டுங்கலே. காத்து வரட்டும்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும், “அண்ணாச்சி, மண்டபத்து வாசல எண்ணியாச்சா?” என்று கேட்பார். நான் வைத்த கணக்குப்படி முப்பதுக்குக் குறையாது.

அந்த எட்டுத் தறிகளோடு இன்னொன்றும் வந்தது. கண்ணாடிப் பாகங்களைச் சுற்ற அங்கே பழைய பத்திரிகைத் தாள்களைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் ஒரு தாளில் ஒரு மோட்டார் சைக்கிள் படம். பந்தயத்துக்கென்று செய்து, ரோட்டிலும் ஓட்டலாம் என்று விற்ற வண்டி. எழுநூற்றைம்பது சி.சி., இரண்டு சிலிண்டர், ஓட்டுகிறவன் படுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குத் தாழ்ந்த கைப்பிடி, ஒரே ஆள் உட்காரும் சீட்டு. மொத்தமே சில நூறு வண்டிகள்தான் செய்தார்களாம். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். தனபாலன் அந்தத் தாளைக் கசங்கல் நீவி, புதிதாகக் கட்டிய சுவரில் ஒட்டினார். பஞ்சு படிந்து படிந்து அந்த வண்டிக்கு மீசை முளைத்ததுபோல் இருக்கும். அவர் வாரம் ஒருமுறை துடைப்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பெட்டிப் பட்டியலில் இல்லாத பொருள்.

நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் தனபாலன் வீட்டுக்கு வந்தார். தறியை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இவர் திருச்சுழி ரோட்டில் சிமெண்ட் களம் போட்டு மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்கு ஐந்து படி. அதில் ஏற நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். வலது முழங்கால்.

“தை பத்துக்கு மதுரைல ஆபரேசன். முட்டிய எடுத்துட்டு வேற வைக்கப்போறாக” என்றார்.

“நல்லதுதானே.”

“நல்லதுதான். ஆனா மாத்தின பெறகு எதையும் உதைக்கக்கூடாதாம். உதைக்கிறதா இருந்தா இப்பவே உதைச்சுக்கங்கன்னு டாக்டரு சிரிக்காரு.” சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். சுவரிலிருந்து சுரண்டி எடுத்திருந்தார். பின்னால் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. “அம்பது வயசான வண்டிய வெளிநாட்டுலருந்து எறக்குமதி லைசென்சு இல்லாமலே இப்ப இறக்கலாமாம்ல. இத ஒரு தடவ நான் உதைச்சு, நான் ஓட்டணும். அதுக்குப் பெறகு முட்டிய எடுத்து அவுக என்ன வேணாலும் செஞ்சுக்கட்டும்.”

“ஊர்ல எத்தனையோ வண்டி இருக்கு, தனபாலு.”

“ஊர்ல இருக்கிறத நீங்க இறக்கலையே. இத நீங்கதான இறக்குனீக. படத்த மட்டும் குடுத்துட்டு வண்டியக் குடுக்காம இருக்கீக.”

அந்தச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. சரி என்றேன்.

வண்டி தேடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் எனக்குத் தறி கழற்றிக் கொடுத்த கூட்டாளி ஒருவர் இருந்தார். அவர் வழியாக உலகத்தில் அப்போது விற்பனைக்கு இருந்த மூன்று வண்டிகளைப் பார்த்தோம். ஒன்றில் எஞ்சின் எண்ணும் வண்டிச் சட்டத்தின் எண்ணும் சேரவில்லை. ஒன்றின் எண் நேற்று வெட்டியதுபோல் பளபளப்பாக இருந்தது. மூன்றாவதை எடுத்தோம். நீங்கள் வீடியோவில் இரண்டு நிமிடம் சுற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பழைய இயந்திரம் வாங்குகிறீர்கள் என்று அறிந்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் இருநூற்றுப் பன்னிரண்டு புகைப்படம் கேட்டு வாங்கினேன். முன் சக்கரத்தில் நாற்பது ஆரக்கம்பி, பின் சக்கரத்தில் நாற்பது. அதில் ஒன்று மட்டும் புதியது. அந்த ஒன்று ஏன் புதியது என்று நான்கு முறை கடிதம் எழுதினேன். நாலாவது முறை பதில் வந்தது: ‘ஆடு’.

விதி சுலபமானது. முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து வண்டிக்கு ஐம்பது ஆண்டு இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தின் நகலைப் பார்த்தேன். கோப்பின் மேலட்டையில் என் கையால் எழுதினேன்: வயது 50. பக்கத்தில் ஒரு சரி குறியும் போட்டேன்.

அந்தச் சரி குறிதான் இரண்டாவது தப்பு.

ஐப்பசியில் ஒரு நாள், கண் காட்ட மதுரைக்குப் போனேன். அன்றுதான் இத்தாலியில் வண்டிப் பெட்டியை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் கப்பல். அங்கே காலை எட்டு மணிக்கு லாரி, இங்கே பன்னிரண்டரை. கோப்பு என் பையில் இருந்தது. கவலை இருந்தால் கோப்பைக் கூடவே வைத்துக்கொள்வது என் வழக்கம். காரியாபட்டி தாண்டும்வரை மூன்று முறை பிரித்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுப் போடும் பெண் வயது கேட்டார். எழுபத்திரண்டு என்றேன்.

“ஆதார்ல எழுபத்தொண்ணுதான் காட்டுது. ஏன்யா ஒரு வயசு கூட்டிச் சொல்றீக?”

“நடப்பு வயசும்மா.”

“இங்க முடிஞ்ச வயசுதான் போடணும்.”

போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நடப்பு வயதுதான் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்கு ‘ஒண்ணு நடக்குது’ என்பார்கள். ஜாதகம் பார்க்கிறவரும் அப்படித்தான் கேட்பார். நான் படித்தவன், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். ஆனாலும் வயது என்று வந்தால் வாய் தானாக நடப்பைத்தான் சொல்லும்.

உள்ளே போனதும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். ஒரு பெஞ்சில் ஆறு பேர். கண்ணை மூடினால் எண்ண ஒன்றுமில்லை. மின்விசிறியின் சத்தத்தை எண்ணப் பார்த்தேன். அது சீராக இல்லை. வேறு வழியில்லாமல் காலையிலிருந்து கேட்ட எண்களை மனதுக்குள் ஓட்டினேன். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. நடப்பு, முடிந்தது. அப்படியே ஐம்பதுக்கு வந்தேன்.

அந்த ஐம்பதை நான் எப்படி எண்ணினேன்?

பையைத் திறந்து கோப்பை எடுத்தேன். கண்மணி விரிந்திருந்தது. தாள் முழுக்க வெள்ளை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி ஒரு தேதி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். “எனக்கும் அதே சொட்டுதான விட்டிருக்கு” என்றார். பெஞ்சில் ஆறு பேரும் அதே நிலை.

சொட்டு விடும் நர்ஸ் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். முடிந்ததா, நடப்பா, தெரியாது.

“தாயி, ஒரு தேதி மட்டும் வாசிச்சுச் சொல்லணும்.”

“கண்ண மூடுங்கய்யா. இன்னும் ஒரு சொட்டு இருக்கு.”

“சொட்டு பெறகு. தேதி மொதல்ல.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “இது இங்கிலீசும் இல்ல. என்னமோ பாசையா இருக்கே.”

“பாசை வேணாம். மூணாவது கட்டத்துல இருக்கிற எண்ணுதான் வேணும்.”

நாளையும் மாதத்தையும் ஆண்டையும் வாசித்தார். நான் விரலை விட்டு எண்ணினேன். ஐம்பது நடந்துகொண்டிருந்தது. முடியவில்லை. முடிய இன்னும் தொண்ணூற்று நான்கு நாள் இருந்தது. கப்பலேறும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. மணி என்ன என்று கேட்டேன். பதினொன்று நாற்பது என்றார். லாரிக்கு ஐம்பது நிமிடம்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் லாரியை நிறுத்தினேன். யோசித்துவிட்டு நிறுத்தவில்லை, நிறுத்திவிட்டு யோசித்தேன். நின்ற லாரியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிளப்பலாம். போன லாரியைப் பற்றி யோசிக்க மட்டும்தான் முடியும்.

ஃபோனை நர்ஸிடம் கொடுத்தேன். “இத்தாலின்னு இருக்கும். போட்டுக் குடுங்க.”

“இத்தாலி ஒண்ணா, இத்தாலி ரெண்டா?”

“ஒண்ணு. ரெண்டு செத்துப்போயிட்டாரு.”

என் கூட்டாளிக்கு இங்கிலீஷில் நாற்பது சொல் தெரியும். தறிக்கு அது போதுமாக இருந்தது. “லாரி நோ. ஸ்டாப். நோ லோடிங்” என்றேன். அவர் ஏன் என்றார். “பிப்டி நோ” என்றேன். “பிப்டி எஸ்” என்றார். “பிப்டி ரன்னிங். பிப்டி நாட் ஃபினிஷ்” என்றேன். அந்தப் பக்கம் ஒரு கதவை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது. “ஸ்டாப்” என்றார்.

“யாருக்குய்யா அம்பது?” என்று நர்ஸ் கேட்டார்.

“ஒரு வண்டிக்கு.”

அவர் மூன்றாவது சொட்டை விட்டார். எனக்கு இந்தத் தொழிலில் கற்றுக்கொடுத்தவர்களில் கடைசி ஆள் அவர்தான். பெயர் கேட்கவில்லை.

அடுத்த ஃபோன் தனபாலனுக்கு. தப்பு செய்தால் அன்றைக்கே, அதே மணிக்குள் சொல்லிவிட வேண்டும். ஒரு ராத்திரி போனால் தப்போடு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. என் எண்ணிக்கை தப்பு, தொண்ணூற்று நான்கு நாள் குறைகிறது, லாரியை நிறுத்திவிட்டேன் என்றேன்.

“அனுப்புங்க அண்ணாச்சி. பாக்கிறவன் வருசத்தத்தான் பாப்பான். வருசத்துல வருசம் போனா அம்பது வருதுல்ல.”

“நாளை எண்ணினா?”

“உங்களப் போல இன்னொருத்தன் அங்க இருப்பானா?”

“ஒருத்தன் போதும் தனபாலு.”

துறைமுகத்தில் நமக்கு வேலை பார்க்கும் ஏஜென்டிடமும் பேசினேன். அவர் சிரித்தார். செய்த ஆண்டை மட்டும் போட்ட ஒரு தாளை அங்கே யாரிடமாவது எழுதி வாங்கிவிட்டால் போதும், நாளை யார் எண்ணப்போகிறார்கள் என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். பதினோரு நிமிடம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மாட்டிக்கொண்டால் வண்டி துறைமுகக் கிட்டங்கியில் நிற்கும். அப்படி நின்று துருவாகிப்போன இயந்திரங்கள் மூன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னை நிறுத்தியது அது இல்லை. உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் தனபாலன். எண்ணியது நான். என் தப்பை மூட அவர் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும். சுவரை இடிப்பது வேறு, இது வேறு.

முடியாது என்று மறுபடி தனபாலனுக்குச் சொன்னேன். ஃபோன் கை மாறியது. அவர் மனைவி பாக்கியம். இந்த வண்டி விஷயம் ஆரம்பித்த நாளிலிருந்து எதிர்த்தவர்.

“அண்ணே, சுத்திச் சொல்லாதீக. எத்தன நாளு?”

“கப்பல் ஏற தொண்ணூத்தி நாலும்மா. இங்க வந்து சேர நூத்தம்பது தாண்டும்.”

“ஆபரேசனுக்கு எம்பத்தி நாலு நாளுதான் இருக்கு.”

அந்த வீட்டிலும் எண்ணுகிற ஆள் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“தெரியும்மா.”

“வாசலத்தான் விட்டீகன்னு பாத்தா, வயசையும் விட்டுட்டீக. சரி. வண்டிக்கு அம்பது முடியட்டும். டாக்டருகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நீங்க வேணாம்னுதானே சொன்னீக.”

“இப்பவும் வேணாம்தான். ஆனா ஓட்டாமலே ஆபரேசன் செஞ்சுக்கிட்டா, மிச்ச காலத்துக்கும் அந்தப் பொலம்பல நீங்களா வந்து கேப்பீக? நான்தான கேக்கணும். நீங்க கண்ணக் காட்டிட்டு பதனமா வாங்க.”

டாக்டர் சித்திரை வரைக்கும் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள் திருச்சுழி பஸ்ஸில் ஏறி வத்தல் களத்துக்குப் போனேன். போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். களத்தின் நீளம் என் தப்படியில் அறுபத்திரண்டு. தனபாலன் காலையில் கொட்டகையிலிருந்து எதிர்க்கோடிக்கு நடந்துபோய் வருவார். கார்த்திகையில் நிற்காமல் நாற்பத்தெட்டு தப்படி போனார். மார்கழியில் முப்பத்து மூன்று. தையில் இருபத்தாறு. நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்து எண்ணுவேன்.

“எத்தன?” என்று பாக்கியம் பின்னாலிருந்து ஒரு நாள் கேட்டார்.

“இருபத்தாறு.”

“போன வாரம் முப்பது.” போய்விட்டார்.

தனபாலன் களத்து ஓரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். சுற்றி வெயிலைத் தவிர ஒன்றுமில்லை, அங்கங்கே சீமைக்கருவேலம். “பாத்தீகளா அண்ணாச்சி, வண்டிக்கு வயசு பத்தல. எனக்கு வயசு மிஞ்சிப்போச்சு. நடுவுல நீங்க உக்காந்து ரெண்டையும் எண்ணிக்கிட்டிருக்கீக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

தை மாதக் கடைசி வாரங்களில் ஒரு நாள் வண்டிக்கு ஐம்பது முடிந்தது. அன்று தனபாலன் திருச்சுழி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்திருக்கிறார்.

“யார் பேருக்கு?” என்றேன்.

“வண்டி பேருக்குத்தான். கம்பெனிப் பேரச் சொன்னேன், அய்யருக்கு வாயில நுழையல. நச்சத்திரம் கேட்டாரு. அதுக்கும் முன்னாடியே பழைய பஞ்சாங்கம் பாத்து வச்சிருந்தேன். கேட்டை.”

“கல்யாணமாகி நாப்பத்தோரு வருசம் ஆச்சு, எம் பேருக்கு ஒரு அர்ச்சன கெடையாது” என்றார் பாக்கியம்.

“முடிஞ்சதா, நடப்பா?” என்று கேட்டார் தனபாலன். பாக்கியம் திருநீற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் நெற்றியில் தானே பூசிவிடும் வழக்கம் அன்று மட்டும் தவறியது.

ஆறு நாள் கழித்துக் கப்பல். முப்பத்தெட்டு நாள் என்றார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததில் நாற்பத்தாறு ஆனது. துறைமுகத்தில் ஒன்பது நாள். அங்கே இருந்த அதிகாரி பதிவுப் புத்தகத்தை எடுத்து, ஆண்டைப் பார்த்து, மாதத்தைப் பார்த்து, நாளைப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் கழித்துப் பார்த்தார். பிறகு முத்திரை வைத்தார். ஏஜென்ட் எனக்கு ஃபோன் செய்து, “நாளை எண்ணிட்டாருங்க” என்றார். லாரி எப்போது என்று மட்டும் கேட்டேன். சொல்ல நிறைய இருந்தது.

லாரி பயணம் இரண்டு நாள். ஆக நூற்று ஐம்பத்தேழாம் நாள், பங்குனி வெயிலில், பெட்டி களத்தில் இறங்கியது. வத்தல் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. பாக்கியம் ஆட்களை விட்டு வத்தலையெல்லாம் நடுவில் குவிக்கச் சொல்லி, சுற்றிலும் ஆறடிக்குச் சிமெண்ட் தரையைக் கூட்டி விட்டிருந்தார். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போவதற்காகச் செய்த வண்டிக்கு அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கிடைத்த ரோடு அது. ஊர் ரோட்டில் ஓட்ட நம்பர் வாங்க வேண்டும். அது எத்தனை மாதம் ஆகும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு இருந்தது பதினாறு நாள்.

பெட்டியைப் பிரித்தோம். எண்பது ஆரக்கம்பியும் இருந்தன. ஆயில் விட்டு, இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றினோம். தனபாலன் வேட்டியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் பேண்ட் போட்டு நான் பார்த்தது அதுவே முதல் முறை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தார். உதைமிதி வலது பக்கம்.

முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் அவர் முகம் மாறியது. ஐந்தாவதில் பாக்கியம் வத்தல் குவியலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எட்டாவதில் மிதி பாதிக்கு மேல் இறங்கவில்லை. பதினொன்றோடு அவர் நிறுத்தினார். களத்தில் மொத்தம் ஒன்பது பேர்.

“நான் உதைக்கட்டுமா மொதலாளி?” என்றார் மாரிமுத்து. களத்து மேஸ்திரி, வாட்டசாட்டமான ஆள்.

“வேணாம்லே. நீ உதைச்சா அது நீ உதைச்சது.”

தலையைக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைப்பிடி அதற்கு வசதியாகத்தான் தாழ்ந்திருந்தது. நான் என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தேன். அந்த ஐம்பதை ஒழுங்காக எண்ணி, வேறு வண்டி பார்த்திருந்தால், மார்கழியில், முப்பத்து மூன்று தப்படி நடந்த காலோடு உதைத்திருப்பார். அன்று மூன்றாவது உதையில் கிளம்பியிருக்கலாம். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பாக்கியம் திரும்பினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“ஏலே மாரி, காரியாபட்டில மினி பஸ்ஸு நின்னுபோனா என்ன செய்வோம்?”

“எறங்கித் தள்ளுவோம்க்கா.”

“பெறகென்ன பாத்துக்கிட்டு நிக்கீக?”

தனபாலன் தலையைத் தூக்கினார். பாக்கியம் வண்டியின் பின்பக்கம் வந்து கை வைத்தார். “உதைக்கிறதுக்குத்தான முட்டி வேணும். ஓட்டுறதுக்கு வேணாமுல்ல. புடிங்க.”

எட்டுப் பேர் தள்ளினோம். எழுபத்தொன்று முடிந்த நானும் ஒருவன். தனபாலன் இரண்டாவது கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டார். பத்தாவது தப்படியில் மூச்சு வாங்கியது. இருபதாவதில் மாரிமுத்து, “இப்ப விடுங்க மொதலாளி” என்றார். இருபத்து மூன்றாவதில் கிளட்ச் விழுந்தது. பின்சக்கரம் வழுக்கிப் பிடித்தது. அந்தச் சத்தம் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு தறி ஒரே நேரத்தில் ஓடும் கொட்டகைக்குள் முப்பத்தெட்டு ஆண்டு நின்றவன் நான். அந்தச் சத்தத்துக்கு நான் கையால் காதைப் பொத்தினேன்.

அவர் வத்தல் குவியலைச் சுற்றினார். வேகம் ஒன்றும் இல்லை. சைக்கிளில் போகிறவன் முந்தியிருப்பான். ஆனால் படத்தில் இருந்தபடியே படுத்துக்கொண்டு ஓட்டினார். முதல் சுற்றிலேயே தூசி கிளம்பியது. வத்தல் தூசி எப்படி என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது பேருக்கும் இருமலும் தும்மலும். கண்ணைத் துடைக்காத ஆள் இல்லை.

மூன்றாவது சுற்றில் எங்களைக் கடக்கும்போது ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நாலாவதில் கேட்டது.

“நிப்பாட்டுனா கால ஊன முடியாது. யாராச்சும் புடிக்கணும்.”

அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. நாங்களும் அவசரப்படவில்லை. ஏழாவது சுற்று பாதி போனபோது அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மாரிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் கூடவே ஓடிப்போய்ப் பிடித்தார்கள். எஞ்சின் நின்றது.

“எத்தன அண்ணாச்சி?” என்றார் அங்கிருந்தே.

“ஏழு” என்றேன்.

“ஆறு” என்றார் பாக்கியம். “ஏழாவது பாதிலதான நிக்கிறீக.”

தனபாலன் வண்டியை விட்டு இறங்கவில்லை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். “சண்ட எதுக்கு. ஆறு முடிஞ்சது, ஏழு நடப்புன்னு எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டேன். கோப்பின் மேலட்டையில், ‘வயது 50’ என்பதற்குக் கீழே.

சித்திரையில் முழங்கால் மாற்றியாகிவிட்டது. வண்டி களத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. போன வாரம் போயிருந்தேன். அவர் அறுபத்திரண்டு தப்படியும் நிற்காமல் நடந்தார். எதிர்க்கோடியிலிருந்து திரும்பி, “அண்ணாச்சி, தள்ளுறதுக்கு எட்டுப் பேரு வேணும்ல? எப்ப ஓய்வா இருப்பீக?” என்று கேட்டார்.

அந்தக் கோப்பை உங்கள் அலுவலகத்தில், ஜன்னல் ஓரத்து அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். மேலட்டையில் இருக்கும் சரி குறியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்ப்பதற்காக. ‘ஏழு நடப்பு’ என்ற கடைசி வரியை மட்டும் யாரும் முடிந்ததாகத் திருத்த வேண்டாம்.